தோப்புக்கரணம் போட்ட ரத்தம்

எழுந்து நிற்பது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்கு ஒரு கல்யாணப் பந்தியில்தான் தெரிந்தது. மேசை நாற்காலி போட்டால் சாப்பாடு இறங்காது என்று பிடிவாதம் பிடிக்கிற ஒரு வீட்டின் கல்யாணம். உத்திரமேரூரில், வந்தவாசி போகிற சாலையோரத்து மண்டபத்தில், தரையில் நீளமாகப் பாய் விரித்து இலை போட்டிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் பந்திக்கு ஒரு நியாயம் உண்டு. கடைசி ஆள் மோர்சோறு முடிக்கும்வரை யாரும் எழக்கூடாது. முடிந்ததும் மொத்த வரிசையும் ஒரே நேரத்தில் எழும், ஏரிக்கரையில் கல் விழுந்ததும் கொக்குக் கூட்டம் கிளம்புமே, அந்த மாதிரி.

அன்று கொக்குகள் எல்லாம் கிளம்பிவிட்டன. ஒன்று மட்டும் கிளம்பவில்லை. என் மனைவி.

எதிர் வரிசையிலிருந்து பார்த்தேன். இடது கையைப் பாயில் ஊன்றினாள். உடம்பு கொஞ்சம் எழும்பியது. மறுபடி உட்கார்ந்தது. பக்கத்தில் என் அக்கா. பக்கத்து ஊரான பெருநகரில் வாழ்க்கைப்பட்டவள், பேச்சில் பெருநகருக்கும் பெரியவள்.

"இன்னாமே, அடுத்த பந்திக்கும் இங்கியே எடம் புடிச்சிக்கினியா?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, அக்காவுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "அண்ணி, தொட தூக்க மாட்டேங்குது. கை குடுங்க."

அக்கா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். தூக்கினோம். எச்சில் கையோடு என் மனைவியைத் தூக்கியது அதுவே முதல் தடவை. என் வெள்ளைச் சட்டையில் சாம்பாரும் அவள் ஜாக்கெட்டில் பாயசமுமாக வெளியே வந்தோம்.

அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. தலை பின்னக் கையைத் தூக்கியவள் பாதியில் இறக்கிவிட்டு, அப்புறம் பின்னிக்கொள்கிறேன் என்று கொண்டை போட்டுக்கொண்டிருந்தாள். டவுன் பஸ் படியில் ஏற, கைப்பிடியைக் கிணற்றுக் கயிறு மாதிரி இழுத்துக்கொண்டிருந்தாள். கொடியில் புடவை காயப்போட ஆள் தேடிக்கொண்டிருந்தாள். இமைகளில் கத்தரிப்பூ நிறம். விரல் முட்டிகளில் சிவப்புத் தடிப்பு. புது சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று சோப்பை மாற்றினோம். சோப்பு பாவம்.

எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. எழுதும்போதுகூட நாலு வரிக்கு ஒரு முறை எழுந்து வரப்புவரை போய்வருவேன். இவளோ கால் மடக்கி உட்கார்ந்தால் ஒரு மூட்டை வேர்க்கடலை உரித்துவிட்டுத்தான் எழுகிறவள். இப்போது உட்காரவும் பயந்தாள், உட்கார்ந்தால் எழ வேண்டுமே என்று. எங்கள் வீட்டில் இரண்டு பேர் நின்றபடியே இருந்தோம். மாட்டுக்குத்தான் குழப்பம்.

முதலில் ரத்தம் பார்த்த இடத்தில் ஈரல் கெட்டிருக்கிறது என்றார்கள். காகிதத்தில் ஈரலுக்கு உண்டான எண்கள் எகிறியிருந்தன. உடனே அக்கா பெருநகரிலிருந்து ஒரு பை நிறையக் கீழாநெல்லியோடு பஸ் ஏறி வந்துவிட்டாள். வேரோடு பிடுங்கி, மண்ணோடு, செய்யாற்று மணலோடு. அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தாள். எண்ணெய் கூடாது, காரம் கூடாது. என் மனைவி அந்தப் பச்சை மோரைக் குடித்துவிட்டு, "மாடு இத்தப் பாத்தா கண்ணீர் வுடும்" என்றாள். ஒரு மாதம் குடித்தாள். ஈரல் அதற்கு முன்பும் நன்றாகத்தான் இருந்தது, பின்பும் நன்றாகத்தான் இருந்தது. தொடைதான் தூக்கவில்லை.

சென்னையில் ஒரு டாக்டரம்மாவிடம் போய்ச் சேர்ந்தபோதுதான் விஷயம் உடைந்தது. எங்களைவிட வயதில் சின்னவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு இமையைப் பார்த்தார், விரல் முட்டியைப் பார்த்தார், குந்தி எழச் சொன்னார். குந்தினாள். எழவில்லை. கீழாநெல்லிக் கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டுச் சொன்னார்:

"ஈரல் கெட்டா ஏறுற அதே சரக்கு தசை கெட்டாலும் ஏறும்மா. ரத்தத்துல ஏறியிருக்குன்னுதான் தெரியும், எங்கேயிருந்து வந்துச்சுன்னு அதுல எழுதியிருக்காது. நாமதான் தேடணும்."

தசைக்கென்றே இருக்கிற ஒன்றைப் பார்க்கச் சொன்னார். சி.கே. என்று இரண்டெழுத்து. தசை நைந்தால் அதற்குள்ளிருந்து கசிந்து ரத்தத்தில் கலக்குமாம். வந்த எண் ஐந்து இலக்கம். எங்கள் ஊருக்கு அஞ்சல் எண்கூட ஆறு இலக்கம்தான்.

"உங்க உடம்பைக் காக்கிற எதிர்ப்புச் சக்தி, உங்க தசையையே எதிரின்னு நெனச்சு அடிக்குது," என்றார்.

"வேலியே பயிர மேயுதுன்னு சொல்லுங்க," என்றாள் என் மனைவி.

"அதேதான்."

அப்புறம் இன்னொரு ரத்தச் சோதனை. அது வரக் கொஞ்ச நாளானது. ஒரு காகிதப் பட்டையில் வரிசையாகக் கோடுகள். ஒவ்வொரு கோடும் மேய்கிற வேலியின் ஒவ்வொரு வகை. எது கறுக்கிறதோ அந்த வகை. இவளுக்கு ஒரே ஒரு கோடு கறுத்திருந்தது. எழுத்தும் எண்ணுமாக அதற்கு ஒரு பெயர், உர மூட்டையில் போட்டிருக்கிற மாதிரி. டாக்டரம்மா முகம் மலர்ந்தது. சில கோடுகள் நுரையீரலைத் தேடிப் போகும், சில கோடுகள் வந்தால் வேறு எங்காவது கட்டி இருக்கிறதா என்று துருவ வேண்டும், இந்தக் கோடு தோலையும் தசையையும் பிடித்துக்கொண்டு கிடக்கும், பெரும்பாலும் மருந்துக்குக் கட்டுப்படும் என்றார்.

கூட வந்திருந்த அக்கா அங்கேயே தீர்ப்புச் சொன்னாள். "நெல்லுல ரகம் பாக்கற மாதிரி. இன்னா ரகம்னு தெரிஞ்சாத்தான் இன்னா மருந்து அடிக்கறதுன்னு தெரியும். நம்மளுது நல்ல ரகம்."

"நல்ல வியாதி வந்திச்சின்னு ஊரெல்லாம் சொல்லாதீங்க அண்ணி. எனக்கும் வோணும்னு வந்து நிப்பாங்க."

மாத்திரைகள் ஆரம்பமாயின. தினமும் காலையில், நாஷ்டா முடித்த கையோடு, உள்ளங்கை நிறைய வெள்ளை வெள்ளையாகச் சின்ன ஸ்டீராய்டு மாத்திரைகள். வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் ஒரு மஞ்சள் மாத்திரை. வெயில் ஆகாது. அதற்காகப் பஜாரில் பாய் கடையில் பெரிய கறுப்புக் குடை வாங்கினேன். அவள் குடை பிடித்து வரப்பில் நின்றால், களை பறிக்கிற பெண்கள், "ஜமீன்தாரம்மா வந்துட்டாங்க, எல்லாம் ஒயுங்கா வேல பாருங்கடி" என்பார்கள். மாத்திரை பசியைக் கிளப்பியது. தூக்கத்தைத் துரத்தியது. முகம் உருண்டது. கன்னம் ஏறி, கண் சிறுத்து, கண்ணாடியில் தெரிவது தன் பெரியம்மா மகள் என்றாள். ஊருக்கு அது புரியவில்லை. எதிரில் வருகிறவர்கள் எல்லாம், "சத போட்டு ஷோக்கா கீறியேமே, இன்னா சாப்புடறே?" என்று வாயாரக் கேட்டார்கள். அவள் அலுத்துப்போய், "மாத்திர," என்பாள். சர்க்கரையும் மெல்ல ஏற ஆரம்பித்திருந்தது. அந்த வெள்ளை மாத்திரைகள்மேல் அவளுக்கு வந்த கோபத்தை என்மேல்கூட அவள் காட்டியதில்லை. காட்டியிருக்கிறாள். ஆனால் அவ்வளவு இல்லை.

தொடை மட்டும் சொன்ன பேச்சைக் கேட்டது. முதலில் கைப்பிடி இல்லாமல் கட்டிலிலிருந்து எழுந்தாள். பிறகு முக்காலியிலிருந்து. ஒருநாள் காலையில் கொடியில் போர்வை தொங்கியது. நான் போடவில்லை. ஈரப் போர்வை, தண்ணீர் சொட்டச் சொட்ட, வெயிலில் அது தேர்ச்சீலை மாதிரி இருந்தது. எண்ணும் இறங்கியது. ஐந்து இலக்கம் நாலானது, நாலு மூன்றானது.

போன மார்கழிக்கு முன்னால் டாக்டரம்மா சொன்னார்: "பொங்கல் கழிச்சு ஒருதரம் ரத்தம் பார்த்துட்டு வாங்க. எண் இப்படியே இருந்தா ஸ்டீராய்டைக் குறைக்க ஆரம்பிக்கலாம். திரும்ப ஏறிடுச்சுன்னா, வார்டுல சேர்த்து நரம்பு வழியா மருந்து ஏத்தணும். மாத்திரையும் கூடும்."

அவ்வளவுதான். குறையுமா, கூடுமா. எங்கள் வீட்டுப் பொங்கல் அந்த ஒரு கேள்வியில்தான் பொங்கியது.

அங்கேதான் பிள்ளையார் வருகிறார்.

எங்கள் கழனிக்குப் போகிற வழியில் ஒரு சின்னப் பிள்ளையார் இருக்கிறார். அவருக்குப் பக்கத்தில் மின்சாரக்காரர்கள் டிரான்ஸ்பார்மர் வைத்ததிலிருந்து அவர் பெயர் டிரான்ஸ்பார்மர் பிள்ளையார். சதா ஒரு முனகல் அவரைச் சுற்றிக் கேட்கும், யாரோ மந்திரம் சொல்கிற மாதிரி. கல்யாணப் பந்தியிலிருந்து திரும்பிய அன்றே அக்கா அவரிடம் வேண்டிக்கொண்டிருக்கிறாள்: என் தம்பி பொண்டாட்டி தானாகக் குந்தி எழ ஆரம்பித்தால், அவள் கையாலேயே காதைப் பிடித்து உனக்கு நூற்றெட்டுத் தோப்புக்கரணம்.

வேண்டியது ஒருவர், போடவேண்டியது இன்னொருவர். எங்கள் பக்கத்தில் வேண்டுதல் அப்படித்தான். யார் மொட்டை அடிக்க வேண்டுமோ அவரைக் கேட்டா வேண்டுகிறார்கள்?

ரத்தம் எடுப்பதற்கு முதல் நாள் காலையில் அக்கா வந்து இறங்கினாள்.

"நாளிக்கி ரத்தம் குடுக்கறே. சாமிக்கி பாக்கி வெச்சிக்கினு யாராவது பரிச்சிக்கிப் போவாங்களா? இன்னிக்கி முட்ச்சிட்டு வந்துரு."

"வேண்டிக்கினது நீங்க. முட்டி என்னுதா?"

"பின்ன என் முட்டியா வேல செய்யாம கெடந்துச்சி?"

உண்மையில் அவளுக்கும் ஆசைதான். போன வருஷம் ஒன்றுகூட முடியாமல் டாக்டரம்மா முன்னால் குந்தியபடியே கண்ணீரோடு சிரித்தவள். இப்போது தன் தொடையை ஊருக்கு நடுவில், டிரான்ஸ்பார்மரின் முனகலுக்கு நடுவில், ஒருதரம் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. புதிதாக ரிப்பேர் ஆன மோட்டாரைச் சும்மா ஒருதரம் போட்டுப் பார்ப்போமே.

வெயில் ஏறிவிட்டது. எனவே நான் குடை பிடித்தேன். அவள் காதைப் பிடித்துக் குந்தி எழ, குந்தி எழ, நானும் குடையை இறக்கி ஏற்றி, இறக்கி ஏற்றி. நடவுக்குப் போய்க்கொண்டிருந்த பெண்கள் நாற்றுக்கட்டோடு நின்றுவிட்டார்கள். "அண்ணே, சாமி வந்தது உனக்கா, கொடைக்கா?" என்று ஒருத்தி கேட்டாள். அக்கா ஓரமாக நின்று எண்ணிக்கொண்டிருந்தாள். பாதியில் மூச்சு வாங்கியது. "போதும்மே, மீதிய சாமிகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்று அக்காவே இரங்கினாள். "கம்முனு எண்ணுங்க அண்ணி," என்றாள் இவள். வேர்வையில் முகம் மின்னியது. அந்த உருண்ட முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. முடித்து நிமிர்ந்தபோது நடவுப் பெண்கள் குலவை போட்டார்கள். நவரைப் பட்டத்து நாற்று அத்தனையும் தலையாட்டியது. காற்றுதான். இருந்தாலும் ஆட்டியது.

மறுநாள் பஜாரில் இருக்கிற லேபில் ரத்தம் கொடுத்தாள். சாயங்காலம் என் போனுக்கு அறிக்கை வந்தது.

நாலு இலக்கம்.

அவள் போனை வாங்கிப் பார்த்தாள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அரிசி களையப் போனாள். களைந்த அரிசியையே மறுபடி களைந்தாள்.

விடிந்ததும் மூன்று பேரும் செங்கல்பட்டு பஸ் ஏறி, அங்கிருந்து ரயில் பிடித்துச் சென்னை போனோம். வார்டில் சேர்க்கச் சொன்னால் என்ன செய்வது என்று அக்கா ஒரு பையில் மாற்றுப் புடவைகள் கொண்டுவந்திருந்தாள். வழியெல்லாம் அந்தப் பையை யாரும் பார்க்கவில்லை.

டாக்டரம்மா அறிக்கையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். இமையைப் பார்த்தார், நிறம் இல்லை. விரலைப் பார்த்தார், தடிப்பு இல்லை. கையைத் தூக்கச் சொல்லி மேலிருந்து அழுத்தினார். கை இறங்கவில்லை, டாக்டரம்மாதான் கொஞ்சம் எக்கினார்.

"பலம் நல்லா இருக்கே. நாற்காலியிலேர்ந்து எழுந்திருங்க."

எழுந்தாள். எழும்போது, "அம்மாடி."

"வலிக்குதா?"

"தொட ரெண்டும் கட்டிக்கினு கீது."

"முன்ன முடியாம இருந்தப்போ இப்படி வலிச்சுதா?"

"அப்ப வலி இல்ல. தூக்கவே தூக்காது. இப்ப தூக்குது, ஆனா கட்டிக்கினு கீது."

டாக்டரம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "ரெண்டு மூணு நாளைக்குள்ள ஏதாவது கனமான வேலை செஞ்சீங்களா?"

"இல்ல."

"நடவு?"

"சேத்துல எறங்கவே வுடறதில்ல இந்தாளு."

"தண்ணிக் குடம், மூட்டை? தசையில ஊசி? எண்ணெய் தேய்ச்சு உருவிவிட்டாங்களா?"

"ஒன்னியும் இல்லம்மா."

அவள் பொய் சொல்லவில்லை. சத்தியமாக அவள் எந்த வேலையும் செய்யவில்லை. நானும் பக்கத்தில் நின்று ஆமாம் என்று தலையாட்டினேன். அக்காவும் ஆட்டினாள். மூன்று பேரும் நம்பித்தான் ஆட்டினோம்.

"வார்டுல எடம் இருக்கான்னு கேக்கறேன்," என்று டாக்டரம்மா போனை எடுத்தார்.

அக்கா புடவைப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முணுமுணுத்தாள்: "அவ்ளோ தோப்புக்கரணம் போட்டும் இந்தப் புள்ளையாரு கண்ண தொறக்கலையே."

போன் பாதி வழியில் நின்றது. "என்ன போட்டீங்க?"

"தோப்புக்கரணம். முந்தா நாளு. நூத்தியெட்டு."

"யாரு?"

அக்கா என் மனைவியைக் காட்டினாள். டாக்டரம்மா போனை வைத்தார். எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கனமான வேலை எதுவும் செய்யலைன்னு சொன்னீங்களே!"

"அது சாமி காரியம் ஆச்சேம்மா," என்றாள் என் மனைவி. "வேலையில எப்பிடி சேரும்?"

டாக்டரம்மா கையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. கதவருகே நின்ற நர்ஸ் திரும்பிச் சுவரைப் பார்த்துச் சிரித்தார்.

சிரிப்பு அடங்கியதும் அவர் பேசியது எனக்குப் பிடித்திருந்தது. ஆறுதலுக்காக ஒன்றும் சொல்லவில்லை. பழக்கமில்லாத தொடை அத்தனை முறை குந்தி எழுந்தால், நோயே இல்லாதவர்களுக்கும் இந்த எண் இப்படி ஏறும் என்றார். ஆனால் நோய் திரும்பினாலும் ஏறும். "எண்ணை மட்டும் பார்த்தா ரெண்டும் ஒண்ணுதான். உங்க பலத்தைப் பார்த்தா பிள்ளையார் மேலதான் சந்தேகம். அந்தப் பட்டையில கறுத்த கோடு ஆளு யாருன்னு சொல்லும், இன்னிக்கு என்ன பண்ணான்னு சொல்லாது. பத்து நாள் கழிச்சு மறுபடி பார்ப்போம். அதுவரைக்கும் குந்தக் கூடாது, தூக்கக் கூடாது. சாமி காரியமும் கூடாது."

புடவைப் பை எங்களோடே ஊர் திரும்பியது.

அந்தப் பத்து நாளும் அக்கா எங்கள் வீட்டிலேயே இருந்தாள். ஆனால் அது அக்கா இல்லை. வாய் இல்லை. "இன்னா அண்ணி, நாக்குக்கும் வாதமா?" என்று என் மனைவி சீண்டிப் பார்த்தாள். அக்கா, "ஒக்காரு, நான் எடுத்தாறேன்," என்று மட்டும் சொன்னாள். தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். கொடியில் துணி போட்டாள். கீழே விழுந்த ஸ்பூனை எடுக்க இவள் குனிந்தால் ஓடிவந்து தட்டிவிட்டாள். கழனியில் நடவு இவள் இல்லாமலே முடிந்தது. இவள் சாயங்கால வெயில் தணிந்த பிறகு வரப்போரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எந்த வரிசை கோணல் என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள். ஒருநாள் அவள் தூங்கிய பிறகு அக்கா என்னிடம் கேட்டாள், குரலே இல்லாமல்: "நைனா, நான் வேண்டிக்கினதாலதான் அவளுக்குத் திரும்ப வந்துடுச்சின்னா?" நான் எழுந்து மாட்டுக்கு வைக்கோல் போடப் போனேன். ஏற்கெனவே போட்டிருந்தேன். இருந்தாலும் போட்டேன்.

பதினோராம் நாள் பொழுது சாய்கிற நேரத்தில் அறிக்கை வந்தது. டாக்டரம்மாவுக்கு அனுப்பிவிட்டு முற்றத்துக்கும் வாசலுக்குமாக நடந்தேன். பதிலும் வந்தது. கழனிக்கு ஓடினேன். செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது, விட்டுவிட்டு ஓடினேன். அவள் நாற்காலியில், அக்கா பக்கத்தில் நின்றபடி.

"மூணு எலக்கம்! அதுவும் முன்ன இருந்ததவிட—"

"யோவ், எண்ணு இருக்கட்டும். மாத்திர?"

"ஒண்ணு கொறைக்கச் சொல்ட்டாங்க. நாளையிலேர்ந்து. கொஞ்சம் கொஞ்சமாத்தான் கொறைப்பாங்களாம், திடீர்னு நிறுத்தக் கூடாதாம்."

அவள் புதிதாக நட்ட கழனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பச்சை முளைகளுக்கு நடுவே தண்ணீரில் வானம் கிடந்தது. அக்காவுக்குத்தான் வாய் திரும்ப வந்தது. பத்து நாள் அடைத்துவைத்த பேச்செல்லாம் ஒரே மடையில்: என் செருப்பு எங்கே, இப்படியா சேற்றில் ஓடுவது, வயசு என்ன ஆகிறது, அந்த மூலையில் நாற்று ஏன் மிதக்கிறது, இந்த வீட்டில் காப்பித்தூள் தீர்ந்து இரண்டு நாள் ஆகிறது, யாருக்காவது அக்கறை உண்டா. நடுநடுவே முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "சளி," என்றாள்.

மறுநாள் காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டு என் மனைவி மாத்திரைகளைப் பிரித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். விழுங்கவில்லை. கையை என் முன்னால் நீட்டினாள், புது வளையல் காட்டுகிற மாதிரி. பார்த்தேன். ஒன்று குறைவு. அக்காவிடம் நீட்டினாள். பிறகு வாசலுக்குப் போய், பால் ஊற்ற வந்தவரிடம் நீட்டினாள். அவர் ஒன்றும் புரியாமல், கல்கண்டோ என்று நினைத்து எடுக்கப் போனார். எதிர்வீட்டுக்காரியையும் கூப்பிட்டாள்.

"இன்னாமே கையில?"

"நேத்து இருந்ததுல ஒன்னு இல்ல. நல்லாப் பாரு."

இல்லாத ஒன்றை எதிர்வீட்டுக்காரி எப்படிப் பார்ப்பாள்? ஆனாலும் குனிந்து, தலையைச் சாய்த்து, ரொம்ப நேரம் பார்த்தாள்.

உள்ளேயிருந்து அக்காவின் குரல் தெரு முழுக்கக் கேட்டது: "ஊர்கோலம் போனது போதும்மே! வேர்வையில கரையப் போவுது, முய்ங்கு!"